அடகு நகை ஏலம்: மிச்சப் பணம் யாருக்கு?

தேசூர், ஆரணிப் பக்கத்து நெசவு வீடுகளில் தறி ஓடாத மாதங்களில் நகைதான் கை கொடுக்கும். மீட்க முடியாமல் போனால் அது ஏலத்துக்குப் போகும்.

"ஏலத்துல நகை மலிவா கிடைக்கும்" என்பார்கள். ஆனா வங்கியோ நிதி நிறுவனமோ வந்த விலைக்குத் தள்ளிவிட முடியாது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, ஏலத்தின் குறைந்தபட்ச விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. இரண்டு தடவை ஏலம் போகாவிட்டால்தான் 85 வரை இறங்கலாம். மதிப்பு என்பது தங்கத்துக்கு மட்டும்; கல் கணக்கில் வராது. ஆக, வாங்குபவருக்கு மிச்சமாவது பெரும்பாலும் செய்கூலியும் சேதாரமும்தான்.

அடகு வைத்தவர் கவனிக்க வேண்டியது வேறு. அசல், வட்டி, செலவு எல்லாம் சேர்ந்து 70,000 ரூபாய். நகை 1,00,000-க்குப் போனது என்று வைத்துக்கொள்வோம். மீதி 30,000 அடகு வைத்தவர் பணம். ஏலத் தொகை முழுசா வந்த 7 வேலை நாட்களுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும்.

அடகுக் கடைகளுக்கு இந்த விதிகள் இல்லை. அவற்றுக்கு 1943-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடகு பிடிப்போர் சட்டம் தனியாக இருக்கிறது.

நகை போயிடுச்சேன்னு ரசீதைத் தூக்கிப் போடாதீங்க. எவ்வளவுக்குப் போச்சு, எவ்வளவு கழிச்சாங்க என்ற கணக்கை எழுத்தில் கேட்டு வாங்குங்க.