அரசு தந்த செக்குக்கும் வங்கி ‘முடியாது’ எனலாமா?

அமெரிக்கக் கருவூலம் அனுப்பும் செக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், காகிதத்துக்குள் ‘யு.எஸ். டிரெஷரி’ என்ற நீர்க்குறி தெரியும். அதிலுள்ள கருவூல முத்திரையை ஈர விரலால் தொட்டால் மை கசிந்து சிவக்கும். அவ்வளவு எளிதில் போலி செய்துவிட முடியாத தாள். பணம் தரப்போவதும் அமெரிக்க அரசு. ஆனாலும் அதை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உள்ள வங்கிக்குப் போனால், “எங்களிடம் கணக்கு இருக்கிறதா?” என்றுதான் கவுண்டரில் முதலில் கேட்பார்கள். இல்லை என்றால் பெரும்பாலும் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

சட்டம் வங்கியின் பக்கம்தான் இருக்கிறது. கணக்கில்லாதவரின் செக்கை வாங்கிக்கொண்டு ரொக்கம் கொடுத்தே ஆகவேண்டும் என்று சொல்லும் கூட்டாட்சிச் சட்டம் அங்கே கிடையாது. அரசு செக்குக்கும் விலக்கு இல்லை. கூட்டாட்சி உரிமம் பெற்ற ‘தேசிய வங்கி’களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஓசிசியும் பொதுமக்கள் கேட்டால் இதையே சொல்கிறது.

ஏன் இப்படி? செக் என்பது கணக்கு வைத்திருப்பவர் தன் வங்கிக்கு இடும் உத்தரவு. அதை மதிக்காவிட்டால் வங்கி பதில் சொல்ல வேண்டியது அந்த வாடிக்கையாளருக்குத்தான். செக்கைக் கையில் வைத்திருப்பவருக்கு அல்ல. மாநிலங்கள் பின்பற்றும் சீர்மை வணிகச் சட்டத் தொகுப்பின் 3-408ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: வங்கி ஏற்றுக்கொள்ளாதவரை அந்தச் செக்குக்கு அது பொறுப்பல்ல.

மாநில அரசோ நகராட்சியோ தரும் செக்கில், அந்த அரசு கணக்கு வைத்துள்ள வங்கியின் பெயர் இருக்கும். அந்த வங்கிக்கே நேராகப் போவது நல்லது. அடையாள அட்டை கேட்பார்கள், சில இடங்களில் கட்டைவிரல் ரேகையும் கேட்பார்கள். ஆனாலும் பணம் கிடைக்க வாய்ப்பு அதிகம். மத்தியக் கருவூலத்தின் செக்கில் அந்த வசதியும் இல்லை. பணம் தரவேண்டியது கருவூலமே. எந்த வணிக வங்கியும் அல்ல. வங்கி தன் கைப்பணத்தை முதலில் கொடுத்துவிட்டு, அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வழியாகப் பிறகு வசூலித்துக்கொள்ள வேண்டும். பின்பக்கக் கையெழுத்து போலி என்று தெரியவந்தால் கருவூலம் அந்தத் தொகையை வங்கியிடமிருந்தே திரும்பக் கேட்கும். கணக்குள்ளவர் என்றால் அவர் கணக்கிலிருந்து கழிக்கலாம். முன்பின் தெரியாதவரை எங்கே தேடுவது?

வங்கியின் இந்தப் பயம் நியாயமானதே. ஆனால் அதற்கான விலையை ஏழைகள் கட்டுகிறார்கள் என்பதுதான் உறுத்துகிறது. அதே கருவூலச் செக்கைத் தன் சொந்தக் கணக்கில் போடுபவருக்கு, விதிப்படி பொதுவாக அடுத்த வேலைநாளே பணம் கைக்கு வந்துவிடும். அதற்குக் கட்டணமும் இல்லை. வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு தரும் அரசு அமைப்பான எஃப்டிஐசியின் 2023ஆம் ஆண்டு ஆய்வின்படி, வங்கிக் கணக்கே இல்லாத குடும்பங்கள் சுமார் 56 லட்சம், அதாவது 4.2 சதவீதம். வெள்ளையர் குடும்பங்களில் இது 1.9 சதவீதம்; கறுப்பினக் குடும்பங்களில் 10.6 சதவீதம். கணக்கு இல்லாததற்கு அவர்கள் அதிகம் சொன்ன காரணம், குறைந்தபட்ச இருப்பு வைக்கப் பணமில்லை என்பது.

2020இல் கொரோனா நிவாரணமாகத் தலைக்கு 1,200 டாலர் வரை வந்தபோது, வங்கி விவரம் அரசிடம் இல்லாத பலருக்குச் செக்தான் தபாலில் வந்தது. வால்மார்ட் கடைகளில் 1,000 டாலர் வரையிலான செக்கை மாற்ற அதிகபட்சம் 4 டாலர், அதற்கு மேல் 8 டாலர். செக் மாற்றுவதையே தொழிலாக வைத்திருக்கும் கடைகள் சதவீதக் கணக்கில் பிடித்துக்கொள்கின்றன. அரசு நிவாரணம் என்று கொடுத்த பணத்தில் இப்படி ஒரு பிடித்தம் நடப்பதை எந்த வகையிலும் சரி என்று சொல்ல முடியாது.

மாற்றித் தர ஒப்புக்கொள்ளும் வங்கியும் கட்டணம் கேட்கலாம். தன் மீதே எழுதப்பட்ட செக்கை மாற்ற, கணக்கில்லாத ஒருவரிடம் பெரிய வங்கி ஒன்று 6 டாலர் வாங்கியது. முழுத்தொகையையும் தரவேண்டும் என்ற புளோரிடா மாநிலச் சட்டத்தைக் காட்டி அவர் வழக்குப் போட்டார். தேசிய வங்கியை அந்த மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் சொல்லிவிட்டது. டெக்சாஸின் இதேபோன்ற சட்டத்துக்கும் 2003இல் இதே கதிதான்.

அரசு கண்டுபிடித்த வழி, செக்கையே நிறுத்துவது. சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் போன்றவை 2013 மார்ச் முதல் மின்னணு முறைக்கு மாற வேண்டும் என்றானது. 2025 செப்டம்பர் 30க்குப் பிறகு கூடியவரை எந்தக் கூட்டாட்சித் தொகையையும் காகிதச் செக்காக அனுப்பக்கூடாது என்று அதிபரின் ஆணை வந்தது. மின்னணுப் பரிமாற்றத்தைவிடக் கருவூலச் செக் தொலைவது, திருடுபோவது, திருத்தப்படுவது பற்றிய புகார்கள் 16 மடங்கு அதிகம் என்பது ஆணை சொல்லும் காரணம். வங்கி வசதியே எட்டாதவர்களுக்கு அந்த ஆணையிலும் விலக்கு உண்டு. ஆக, இனி வரும் செக்குகள் பெரிதும் கணக்கில்லாதவர்களின் கைக்கே போய்ச்சேரும். அவற்றைக் கட்டணமின்றி மாற்ற ஓர் இடத்தை அரசே உறுதிசெய்யாமல் விட்டிருப்பது பெரிய குறை.

அதுவரை இருக்கும் வழிகள் சில. கூட்டாட்சி உதவித்தொகை பெறுபவர்களுக்கு, கணக்கில்லாமலே பணம் ஏறும் ‘டைரக்ட் எக்ஸ்பிரஸ்’ அட்டை 2008 முதல் இருக்கிறது. குறைந்த கட்டணக் கணக்குகளுக்கான ‘பேங்க் ஆன்’ தரச்சான்று பெற்ற கணக்கை 25 டாலரோ அதற்கும் குறைவாகவோ கட்டித் தொடங்கலாம். கட்டணத் தள்ளுபடிக்கு வழியில்லாத கணக்கு என்றால் மாதக் கட்டணம் 5 டாலரைத் தாண்டாது. கருவூலச் செக் ஓராண்டு வரை செல்லும். அதற்குள் மாற்ற முடியாமல் போனாலும் செக்தான் காலாவதியாகும். அதை அனுப்பிய அரசுத் துறையிடம் கேட்டால் புதிய செக் தருவார்கள்.