பணிவிடை செய்பவருக்கும் உரிமையுண்டு



சிறுநீரக நோய் நமது திருகோணமலை மாவட்டத்தின் பதவிஸ்ரீபுர பகுதியை நெடுங்காலமாக வாட்டுகின்றது. கிளிவெட்டி போன்ற ஊர்களிலிருந்து டயலிசிஸுக்காக அடிக்கடி வைத்தியசாலை செல்வது எளிதன்று. வயிற்றறையில் திரவம் செலுத்தி வீட்டிலேயே செய்யும் முறை அப்பயணத்தைக் குறைக்கும். ஆயின் கையால் மாற்றுவோர் பெரும்பாலும் நாளொன்றுக்கு 4 தடவை மாற்றவேண்டும். கழுவாத கை குழாயைத் தொட்டால் கிருமி புகும். வெளிவரும் திரவம் கலங்கினால் தாமதியாது வைத்தியரை நாடுங்கள்.

உறக்கமிழந்த துணைவர் இதில் எளிதில் தவறிவிடுவார். ஆகவே அவர் நேரத்துக்கு உண்பதும் உறங்குவதும் சுயநலமல்ல, நோயாளிக்கான பாதுகாப்பே.

இரவெல்லாம் வணங்கி, பகலெல்லாம் நோன்பிருந்து, தம்மையும் மனைவியையும் மறந்த அபூதர்தா (ரழி) அவர்களை ஸல்மான் (ரழி) அவர்கள் திருத்தினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதைச் சரிகண்டார்கள். வணக்கத்திலேயே அளவு வேண்டுமெனில், பணிவிடையில் வேண்டாமா?

பிள்ளைகளே! முறையாகப் பயிற்சி பெற்று, ஒரு தடவையையேனும் நீங்கள் பொறுப்பேற்று, உங்கள் தாயை உறங்கவிடுங்கள்.