நேர்காணலுக்கு ஓர் ஒத்திகை



நாடகம் மேடை ஏறுமுன் ஒத்திகை நடைபெறுகிறது. கச்சேரிக்கு முன் பாடகர் சாதகம் செய்கிறார். ஆனால் வாழ்க்கையின் போக்கையே மாற்றக்கூடிய நேர்காணலுக்கு மட்டும் நம்மில் பலர் ஒத்திகை இன்றியே சென்றுவிடுகிறோம். இக்குறையை எவ்வாறு களையலாம் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் வாழ்வது சுங்குவார்சத்திரத்தில். சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர். 1998-ஆம் ஆண்டு எங்கள் வட்டாரத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இன்று நாற்புறமும் ஆலைகள் நிற்கின்றன. ஆயினும் ஆலை அருகில் இருப்பதால் மட்டும் வேலை அருகில் வந்துவிடுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயின்று, பின்னர்த் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் படிப்பை முடித்த இளைஞன் ஒருவன் வாடிய முகத்தோடு என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தான். தந்தை கூலி வேலை செய்பவர். தங்கையின் மேற்படிப்பு இவனுடைய சம்பளத்தை எதிர்பார்த்திருந்தது.

"மைக்ரோமீட்டரின் மீச்சிற்றளவு என்ன என்று கேட்டார்கள், ஐயா. 0.01 மில்லிமீட்டர் என்றேன். அது எப்படி வருகிறது என்று கேட்டதும் நாக்கு எழவில்லை" என்றான்.

"எழுதிக் காட்டு, தம்பி" என்று ஒரு தாளை நீட்டினேன். திருகு ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் நகர்கிறது. தலைக்கோலில் 50 பிரிவுகள். ஆகவே ஒரு பிரிவு 0.01 மில்லிமீட்டர் என்று பிழையின்றி எழுதினான். அறிவு கைவரை வந்திருந்தது, வாய்வரை வரவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. திரும்பத் திரும்பப் படிக்கும்போது பாடம் கண்ணுக்குப் பழகிவிடுகிறது. பழகியதைத் தெரிந்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். ரோடிகர், கார்ப்பிக் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வொன்றைக் கேளுங்கள். மாணவரில் ஒரு சாரார் ஒரு பகுதியை மீண்டும் படித்தனர். மற்றொரு சாரார் படித்ததை நூலின்றி நினைவுகூர்ந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது முன்னவர் முந்தினர். ஒரு வாரம் கழித்தோ பின்னவரே முந்தி நின்றனர்.

ஆசிரியப் பயிற்சி பெற்றோர் நுண்ணிலைக் கற்பித்தல் என்னும் முறையை அறிவர். 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தோன்றியது அது. நம் நாட்டில் அதனை 36 நிமிடமாக வகுத்துள்ளனர்: கற்பித்தல் 6, குறை நிறை கேட்டல் 6, திருத்தி அமைத்தல் 12, மீண்டும் கற்பித்தல் 6, மீண்டும் குறை நிறை கேட்டல் 6. பிழையை அன்றே திருத்தி, அன்றே மறுபடியும் செய்து பார்ப்பதுதான் இதன் உயிர்நாடி. அம்முறையையே எங்கள் திண்ணைக்குக் கொண்டுவந்தேன்.

நீங்களும் மூவராகச் சேருங்கள். ஒருவர் வினவட்டும், ஒருவர் விடை கூறட்டும், மூன்றாமவர் கடிகாரத்துடன் கவனிக்கட்டும். கவனிப்பவர் முதலில் ஒரு நிறையைச் சொல்லி, பிறகு இரண்டே குறைகளைச் சொல்ல வேண்டும். பத்துக் குறைகளைக் கேட்டவன் எதையும் திருத்தமாட்டான். வினவுபவர் உங்கள் விண்ணப்பத்தின் ஒவ்வொரு வரியையும் எடுத்து, "என்ன செய்தாய்? எப்படிச் செய்தாய்? எங்கே தவறியது?" என்று கேட்கட்டும், நடுவில் குறுக்கிடவும் செய்யட்டும். மனப்பாடம் செய்த விடை குறுக்கீட்டில் அறுந்துபோகும். புரிந்து சொல்லும் விடை மீண்டும் தொடரும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் ஒத்திகை வேண்டும். "இந்த இயந்திரத்தில் நான் வேலை செய்ததில்லை, கடைசல் இயந்திரத்தில் செய்திருக்கிறேன்" என்று தலைநிமிர்ந்து கூறுவது தாழ்வன்று. இல்லாத அனுபவத்தை இருப்பதாகக் காட்டுவதற்கு ஒத்திகை பார்த்தல் ஆகாது. அடுத்த வினாவிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

அவ்விளைஞன் தன் நண்பர் இருவருடன் மூன்று வாரம் திண்ணைக்கு வந்தான். அடுத்த நேர்காணலிலும் அவனுக்கு வேலை கிடைக்கவில்லை. ஆனால் அன்று அவன் வாடி வரவில்லை, "எல்லாவற்றுக்கும் விடை சொன்னேன், ஐயா, இரண்டு இடத்தில் தடுமாறினேன்" என்று அவ்விரண்டையும் எழுதிக்கொண்டே வந்தான். அதற்கடுத்த நேர்காணலில் வேலை கிடைத்தது.

தன் பிழையைத் தானே எண்ணிச் சொல்லத் தெரிந்தவன் பாதி வென்றவன். உங்கள் ஊரிலும் ஒரு திண்ணை இருக்கும். இரண்டு நண்பர்களும் இருப்பார்கள். இன்று மாலையே தொடங்குங்கள்.