புறாத்தீவில் கோடை நீராட்டு

வைகாசி முதல் ஆவணி வரை திருகோணமலைக் கரையில் வெப்பம் மிகுதி. ஆயினும் கடல் அமைதியாயிருப்பதும் அக்காலத்திலேதான். இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே. தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைச் சொரிந்துவிட்டு, வறண்ட கச்சான் காற்றாகக் கிழக்கே வருகின்றது. நிலத்திலிருந்து கடல்நோக்கி அது வீசுவதால் கரையோரம் அலை தணிந்து, நீர் தெளிகின்றது.

ஆகவே, நிலாவெளிக்கு அப்பால் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தொலைவிலுள்ள புறாத்தீவுக்குச் செல்வதற்கு இதுவே ஏற்ற பருவம். மாடப்புறாக்கள் தங்கும் பாறைகளாற் பெயர்பெற்ற இத்தீவு, 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. காலையிற் படகேறுவோர் உச்சிவெயிலுக்கு முன் நீராடித் திரும்பலாம். நீர்க்கண்ணாடி அணிந்து, முகங்கவிழ்ந்து மிதப்போருக்குப் பவளப்பாறைகளிடையே வண்ணமீன்கள் திரியும் காட்சி புலப்படும்.

பவளப்பாறை வெறுங் கல்லன்று. சிற்றுயிர்கள் சுண்ணாம்பினாற் கட்டிய குடியிருப்பு. அவற்றுட் சிலவகை ஓராண்டில் ஒரு விரற்கடைதானும் வளர்வதில்லை. களைத்த ஒருவர் கணப்பொழுது ஊன்றும் கால், பல்லாண்டு வளர்ச்சியை முறித்துவிடும். இளைப்பாற விரும்புவோர் மணற்பாங்கான இடத்திலேயே காலூன்றல் வேண்டும். நீச்சலிற் பழக்கமில்லாதோர் மிதப்புச் சட்டை அணிவது அவர்களுக்கும் காப்பு, பவளத்துக்கும் காப்பு.