ஒவ்வாத உடல் – 11: உட்காரவைக்கக் கூடாத நேரம்

ஒவ்வாமை என்னும் சொல் தமிழில் பெரும்பாலும் தும்மலையும் தடிப்பையுமே குறித்து வருவதால், அச்சொல்லின் கடைக்கோடியில் நிற்கும் அனாஃபிலாக்சிஸ், அதாவது தோல், மூச்சு, குடல், ரத்த ஓட்டம் ஆகியவற்றுள் ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சில நிமிடங்களுக்குள் குலைத்துவிடும் கடும் எதிர்வினை, ஊர்ப் பேச்சில் ‘விஷம் தலைக்கு ஏறிவிட்டது’ என்றோ ‘நெஞ்சடைத்துவிட்டது’ என்றோ வேறு பெயர்களிலேயே வழங்குகிறது. இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் எதிர்ப்பொருளும், ஹிஸ்டமினைக் கொட்டித் தீர்க்கும் மாஸ்ட் செல்களும் முந்தைய இதழ்களில் போதுமான அளவு பேசப்பட்டுவிட்டன. மறந்தோர் அவற்றைப் புரட்டிக்கொள்வார்களாக. பாம்புக்கடி மருந்தே ஒவ்வாமையாகும் விந்தை இவ்வாரம் வரும் எனச் சொல்லப்பட்டிருந்தது உண்மைதான். எனினும் அங்குச் சேர்வதற்கு ஏலக்காட்டின் வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது, ஏலக்காட்டிலோ தேனீயும் கடந்தையும் வழிமறிக்கின்றன.

இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை, பீர்மேடு, தேவிகுளம் வட்டங்களில் பரவியிருக்கும் தோட்டங்களுக்குத் தேனி மாவட்டத்துப் போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், விடியும் முன்பே தூக்குவாளிகளோடு ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக எல்லை கடக்கிறார்கள். ஏலச்செடியின் தழை ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தாலும், அதன் பூவும் காயும் அடித்தூரிலிருந்து கிளம்பி மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கும் சரங்களில்தான் உண்டாகின்றன. வெள்ளை இதழில் ஊதா வரியோடிய அந்தப் பூ அதிகாலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடுகிறது. அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் காய் பிடிப்பதில்லை. ஆகவே குத்தவைத்து அமர்ந்து தூரைத் துழாவும் தொழிலாளியின் முழங்கால் உயரத்தில்தான் தேனீயின் போக்குவரத்து நடக்கிறது என்பதும், ஏலக்காயின் விலையைத் தீர்மானிக்கும் பூச்சியும் ஆளைச் சாய்க்கும் பூச்சியும் ஒன்றே என்பதும் இம்மலைகளின் இயல்பான ஏற்பாடு.

சாய்ப்பது இரண்டு வகையில் நிகழக்கூடும் என்பதை இங்கே பிரித்துக்கொள்ள வேண்டும். உயர்ந்த மரங்களிலும் பாறை விளிம்புகளிலும் ஒற்றை அடையாகத் தொங்கும் மலைத்தேனீக் கூடு பருந்தின் சிறகடியாலோ புகையாலோ கலைந்து, கூட்டமாக இறங்கி நூற்றுக்கணக்கில் கொட்டும்போது, நஞ்சின் அளவே சிறுநீரகத்தையும் தசையையும் கெடுத்துவிடுகிறது. ஒவ்வாமை இல்லாதவரையும் அது விட்டுவைப்பதில்லை. மற்றது, முன்பு எப்போதோ கொட்டு வாங்கியபோது உடல் உருவாக்கி வைத்துக்கொண்ட எதிர்ப்பொருளால், ஒரே ஒரு கொட்டுக்கு உடல் முழுவதும் பொங்குவது. இரண்டாம் வகைக்கு எண்ணிக்கை பொருட்டல்ல. மலையாளத்தில் கடந்நல் என்றும், தமிழில் வட்டாரத்துக்கு ஒன்றாகக் கடந்தை, கதண்டு, குளவி என்றும் வழங்கும் இனம் ஒற்றை ஆளாக வந்தாலே போதும். தேனீ கொட்டிய இடத்தில் அதன் கொடுக்கு நஞ்சுப்பையோடு தங்கிப் பிறகும் நஞ்சைச் செலுத்திக்கொண்டிருப்பதால், நகத்தாலோ விரலாலோ எப்படியாவது உடனே அதை எடுத்துவிடுவது நல்லது. அந்தக் கொடுக்கிலிருந்து கிளம்பும், வாழைப்பழ வாசனையுள்ள ஒரு சேர்மம் மற்றத் தேனீக்களை அதே இடத்துக்கு அழைக்கிறது என்பதால், நின்ற இடத்திலேயே நின்று கொடுக்கு எடுப்பதும் அறிவுடைமையாகாது.

பாலக்காட்டுப் பக்கம் காட்சி வேறு. சித்தூர் வட்டத்தின் தென்னந்தோப்புகளில் கள் இறக்குவோர் பாளையின் இனிப்புக்கு வரும் தேனீயோடும் கடந்தையோடும் நாள்தோறும் மரத்தின் உச்சியில் சந்திக்கிறார்கள். தலைசுற்றல் தொடங்கும்போது அவர்களுக்குப் படுக்க இடமில்லை. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் புதர் வெட்டும் பெண்கள் கடந்தைக் கூட்டில் கத்தியை வைத்துவிடும் செய்தி கேரள நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களைப் பற்றிய ‘குளவி கொட்டுக்கு இலக்காகி’ என்னும் தொடர், அங்குள்ள செய்தியாளர்களின் கையில் அச்சு வார்த்தையாகவே ஆகிவிட்டது. அதே இலங்கையில், சிகிரியாக் குன்றின் சிங்கப்பாத முற்றத்தில், சுற்றுலாப் பயணிகளுக்குப் பேசாதிருக்கும்படி பலகையும், பூச்சிகள் கிளம்பினால் ஓடி ஒளிய வலையடித்த கூண்டும் வைக்கப்பட்டிருக்கின்றன. கொழுந்து மலைக்கு அத்தகைய கூண்டு எதுவும் இல்லை.  

இத்தொடரின் இவ்வாரப் பக்கங்களைப் பெருமளவில் விழுங்கப்போவது மான்செஸ்டர் நகரத்து நோய்த்தடுப்பியல் மருத்துவர் ரிச்சர்ட் பம்ஃப்ரியின் கணக்கேடு. 1992 முதல் பிரிட்டனில் அனாஃபிலாக்சிஸால் நேர்ந்த இறப்புகளை ஒவ்வொன்றாகத் திரட்டிய அவர், ஒவ்வாத பொருள் உடலில் சேர்ந்ததற்கும் மூச்சோ இதயமோ நிற்பதற்கும் இடைப்பட்ட நேரத்தைக் கணக்கிட்டார். இடைநிலை அளவாக, மருத்துவமனையில் செலுத்தப்பட்ட மருந்துகளுக்கு அது 5 நிமிடம், பூச்சி நஞ்சுக்கு 15 நிமிடம், உணவுக்கு 30 நிமிடம். ஏலக்காட்டின் உட்பகுதியிலிருந்து, பாதி கல்லும் பாதி மண்ணுமான தோட்டச் சாலையைத் தாண்டித் தார்ச்சாலையைத் தொடுவதற்கே 15 நிமிடம் போதாத இடங்கள் இடுக்கியில் ஏராளம் என்னும் நிலையில், அந்த எண்ணை வெறும் புள்ளிவிவரமாகப் படித்துவிட்டு நகர முடியாது.

அதனினும் வியப்புக்குரியது 2003-இல் அவர் வெளியிட்ட, இரண்டே பக்க அளவுள்ள சிறு கட்டுரை. மருத்துவமனைக்கு வெளியே அதிர்ச்சி நிலையில் இறந்தோருள், கடைசித் தருணத்தில் எந்த நிலையில் இருந்தார்கள் என்பது பதிவான பத்துப் பேரை எடுத்துப் பார்த்தபோது, நான்கு பேரின் இறப்பு அவர்கள் படுத்த நிலையிலிருந்து எழுந்து உட்கார்ந்ததோடோ நிமிர்த்தப்பட்டதோடோ சேர்ந்து நிகழ்ந்திருந்தது. உடற்கூறாய்வில் கண்ட குறிகள் ‘வெற்று இதயம்’ என்னும் நிலைக்குப் பொருந்தின. அதாவது இதயத்தின் மின்துடிப்பு இருக்கிறது, தசையும் பழுதில்லை, ஆனால் இறைப்பதற்கு உள்ளே ரத்தம் இல்லை. கிணற்றில் நீர் வற்றியபின் மோட்டார் மட்டும் ஓடுவதைப் பார்த்த எந்த உழவருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ரத்தம் வெளியே சிந்தாதபோது எங்கே போகிறது என்பதற்கும் விடை உண்டு. மாஸ்ட் செல்கள் கொட்டும் பொருள்களால் நுண்குழாய்களின் சுவர் கசியத் தொடங்கி, ரத்தக் குழாய்க்குள் இருக்கும் திரவத்தில் 35 விழுக்காடு வரை 10 நிமிடங்களுக்குள் திசுக்களுக்குள் இறங்கிவிடக்கூடும். முகமும் உதடும் வீங்குவது அவ்வாறு இறங்கிய நீரால்தான். அதே நேரத்தில் குழாய்கள் தளர்ந்து விரிவதால், மிஞ்சிய ரத்தமும் கால்களிலும் வயிற்றிலும் தேங்குகிறது. படுத்திருக்கும்வரை அது எப்படியோ இதயத்துக்குத் திரும்புகிறது. நிமிர்த்தி உட்காரவைத்த நொடியில் பூமியின் ஈர்ப்பு அதைக் கீழே இழுத்துக்கொள்கிறது.

இந்த இடத்தில் ஜீப்பை மறுபடி நினைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்தில் ஒருவர் கொட்டு வாங்கி, உள்ளங்கையும் தலையும் அரித்து, தொண்டை இறுகி, ‘கண்ணு இருட்டுது’ என்று சொல்லிச் சரியும்போது, கங்காணியும் உடன் வேலை செய்வோரும் செய்யும் முதல் உதவி அவரைத் தூக்கி நிறுத்துவதும், கைத்தாங்கலாக மேட்டில் நடத்திக்கொண்டு வருவதும், ஜீப்பின் பெஞ்சில் இருவருக்கு நடுவே நெருக்கி உட்காரவைப்பதும்தான். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் விழுந்துவிடாதபடி இரு புறமும் அணைத்து நிமிர்த்திப் பிடித்துக்கொள்வது அன்பினால் நிகழ்வது. உடலியலின் கணக்கில் அதைவிடக் கேடான உதவி குறைவு. ஓட்டுநரின் வேகத்தையும் துணிவையும் யாரும் குறை சொல்வதற்கில்லை. ஆயினும் ஏலக்காய்ச் சாக்கை அந்த இடத்திலேயே விரித்து, ஆளை மல்லாக்கக் கிடத்திக் காலைச் சற்று உயர்த்தி வைத்து, வண்டியில் ஏற்றும்போதும் கிடத்தியபடியே ஏற்றுவது, வளைவுகளில் மிச்சம் பிடிக்கும் ஐந்து நிமிடத்தைவிடப் பயன் மிக்கது. மூச்சுத் திணறலே மேலோங்கி, படுக்க முடியாமல் தவிப்பவர் காலை நீட்டிச் சாய்ந்து உட்காரலாம், வாந்தி எடுப்பவரையும் நினைவிழந்தவரையும் ஒருக்களித்துக் கிடத்த வேண்டும், கருவுற்றவரை இடப்புறமாக.

கிடத்துவது நேரத்தை வாங்கிக் கொடுக்கிறது, உயிரை மீட்பது அட்ரினலின். 1901-இல் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே தூய வடிவில் பிரித்தெடுத்து அறிவித்த இந்தச் சுரப்பு, கசியும் குழாய்களை இறுக்கி, சுருங்கிய மூச்சுக்குழல்களைத் திறந்து, மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் அடக்குகிறது. வேறெந்த ஒற்றை மருந்தும் இம்மூன்றையும் சேர்த்துச் செய்வதில்லை. 1 மில்லிலிட்டரில் 1 மில்லிகிராம் உள்ள ஆம்பியூலில் பாதி, அதாவது 0.5 மில்லிகிராம், வயது வந்தவரின் தொடையின் வெளிப்புற நடுப்பகுதித் தசையில் போடப்பட வேண்டும். குழந்தைகளுக்கு உடல் எடையைப் பொறுத்து அளவு குறையும். தேறாவிட்டால் 5 நிமிடம் கழித்து மீண்டும் போடலாம். மேலை நாடுகளில் நோயாளியே சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் தானியங்கி ஊசி இந்தியக் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை என்றாலும், இந்த ஆம்பியூல் இந்தியாவின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இருக்கிறது, விலையோ ஒருவேளைச் சிற்றுண்டிக்கும் கீழே.

இருந்தும் சிறு ஊர்களில் கை முதலில் நீளுவது ஏவில் ஊசியை நோக்கி. ஏவில் போன்ற ஹிஸ்டமின் எதிர்ப்பிகள் அரிப்பையும் தடிப்பையும் தணிக்கின்றன. தடிப்பு அடங்குவதைக் கண்ட உறவினரும் நிம்மதி அடைகிறார்கள். விழுந்த ரத்த அழுத்தமோ விழுந்தபடியே இருக்கிறது. ஸ்டீராய்டு ஊசி வேலை செய்யத் தொடங்குவதற்குள் பம்ஃப்ரியின் 15 நிமிடம் முடிந்துபோகும். அட்ரினலின் இதயத்தைப் படபடக்கவைக்கும் என்னும் அச்சம் முற்றிலும் பொய்யல்ல. ஆனால் அந்த அச்சம் ரத்தக் குழாயில் வேகமாகச் செலுத்துவதற்கு உரியது; தொடைத் தசைக்கு அது பொருந்தாது.

பிழைத்தவருக்கும் ஒரு சொல் உண்டு. அடங்கிய எதிர்வினை சில மணி நேரம் கழித்து, புதிய கொட்டு எதுவும் இன்றியே, இரண்டாம் முறை எழக்கூடும் என்பதால், தேறிவிட்டதென்று உடனே மாலை ஜீப்பில் எல்லை கடந்து வீடு திரும்புவது ஆபத்தானது. நள்ளிரவில் மீண்டும் பொங்கினால், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் க.விலக்குவரை மறுபடியும் அதே ஓட்டம்.

வாக்களித்த பாம்புக்கடி மருந்துக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. இலங்கையில் 1,007 பேரிடம் நடத்தப்பட்டு 2011-இல் வெளியான ஆய்வில், அம்மருந்து பெற்றவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எதிர்வினை வந்தது எப்படி, முன்கூட்டியே போட்ட சிறிதளவு அட்ரினலின் அதன் கடுமையைக் குறைத்தது எப்படி என்பவை அடுத்த இதழில் வரும். மலையாளத்தில் முழமூக்கன் குழிமண்டலி எனப்படும், மூக்கு நுனி மேல்நோக்கி நிமிர்ந்த சிறு விரியன் உயிருக்கே உலை வைக்கக்கூடியது என்பதைக் கேரள மருத்துவர்கள் 2007-இல் சான்றோடு பதிவு செய்ததும் அங்கேயே பேசப்படும். இந்தியாவில் நான்கு பாம்புகளுக்கெனக் குதிரையிலிருந்து எடுக்கப்படும் மருந்து அந்த விரியனின் நஞ்சை முறிப்பதில்லை, ஒவ்வாமையை மட்டும் குறையின்றித் தருகிறது. அடுத்த இதழ் வருவதற்குள், மலைத்தோட்டங்களில் வேலை செய்யும் வாசகர்களும் அவர்களை அனுப்பிவைக்கும் வீட்டாரும், தோட்டத்துக்கு அருகிலுள்ள குடும்ப சுகாதார மையத்தில் அட்ரினலின் ஆம்பியூல் இருக்கிறதா, அது காலாவதியாகும் மாதம் எது என்று ஒருமுறை நேரில் கேட்டு வைத்துக்கொள்வார்களாக.