அல்புமின் குறைந்தால் ஊட்டக்குறைவா?

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் இதயத் துடிப்புக் கோளாறுக்கு அப்லேஷன் சிகிச்சை செய்துகொண்டவர்களில், ஊட்டக் குறியீடு மோசமாக இருந்தவர்களுக்குத் துடிப்புக் கோளாறு திரும்பி வருவது அதிகம் என்று பல மருத்துவமனைப் பதிவுகள் காட்டுகின்றன. அந்தக் குறியீடுகளில் ஒன்று, 2005இல் ஸ்பெயினில் உருவான கோனட். அதற்கு வேண்டிய மூன்று எண்கள் ரத்தத்திலுள்ள அல்புமின் புரதம், மொத்தக் கொலஸ்ட்ரால், லிம்போசைட் வெள்ளணுக்கள். சித்தூரிலிருந்து திருப்பதி ஸ்விம்ஸுக்கோ, எல்லை தாண்டி வேலூர் சிஎம்சிக்கோ போகிறவரின் ஃபைலில் இவை பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். உணவைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்காமலே மதிப்பெண் போட்டுவிடலாம். சிக்கலும் அதுதான்.

84 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிடுகிறார். இதயம் பலவீனப்பட்டு உடலில் நீர் கோத்திருப்பதால் அல்புமின் 3.4, அதற்கு 2 புள்ளி. ஸ்டாட்டின் மாத்திரையால் கொலஸ்ட்ரால் 130, இன்னும் 2. லிம்போசைட் 1500, ஒன்று. கூட்டினால் 5, அதாவது 'நடுத்தர ஊட்டக்குறைவு'. மாத்திரை வேலை செய்ததற்கே இரண்டு புள்ளி சேர்ந்துவிட்டது.

பக்கத்துப் படுக்கையில் ராகி சங்கடியும் ஊறுகாயுமாகவே நாளை ஓட்டும் ஒரு பெண். ஆறு மாதத்தில் 48 கிலோவிலிருந்து 43க்கு இறங்கியிருக்கிறார். அல்புமின் 3.8, கொலஸ்ட்ரால் 185, லிம்போசைட் 1800. மதிப்பெண் பூஜ்யம், அறிக்கைப்படி எந்தக் குறையும் இல்லை.

அல்புமினைச் செய்வது கல்லீரல். உடலில் அழற்சி இருந்தால் அது குறையும். சிறுநீரில் புரதம் போனாலும் குறையும். வெறும் பட்டினியில் வெகுநாள் இறங்காமலும் நிற்கும். அதை ஊட்ட அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்று அமெரிக்க ஊட்டச்சிகிச்சைச் சங்கமான ஆஸ்பென் சொல்லிவிட்டது. ஆக, கூடுதல் மதிப்பெண் பல நேரம் காட்டுவது நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை. முட்டை சாப்பிட்டு அல்புமினை ஏற்றினால் அப்லேஷன் பலிக்கும் என்று இதிலிருந்து முடிவுகட்ட வழியில்லை. ஆறு மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்ததா, பசி எப்படி, தசை கரைந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதுதான் நம்பகமானது.

அப்லேஷன் 'வெற்றி' என்ற சொல்லையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. முதல் இரண்டு மூன்று மாதங்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதன்பின் 30 விநாடி நீடித்த கோளாறு பதிவானாலே ஆய்வுகளில் அது தோல்வி. ஒரு நாள் இசிஜி மட்டும் எடுக்கும் இடத்தில் வெற்றி சதவீதம் கூடத்தான் செய்யும்.

குண்டானவர்களுக்கும் எடை குறைவது கெடுதலா? இல்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 2015இல் வெளியான லெகசி ஆய்வில், எடையை 10 சதவீதமோ அதற்கு மேலோ குறைத்தவர்கள் துடிப்புக் கோளாறின்றி இருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடச் சுமார் 6 மடங்கு.

பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு மெலிவு பிரச்சினையா? ஆம், தோலடிக் கொழுப்பு வற்றியவர்களுக்குக் கருவி தோலை அரித்து வெளியே வரும் அபாயம் கூடுதல்.

ரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் கீரையை விட வேண்டுமா? வேண்டாம், வாராவாரம் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் போதும்.