ரயில் ஓடாத நாளில் லண்டன்

லண்டனில் டிசம்பர் 25ஆம் தேதி சுரங்க ரயில் ஓடாது. சிவப்புப் பேருந்துகளும் ஓடாது. வெளியூர் ரயில்கள் 24ஆம் தேதி மாலையே படிப்படியாக நின்றுவிடும். ஏறத்தாழ 90 லட்சம் மக்கள் வாழும் ஒரு நகரத்தின் பொதுப் போக்குவரத்து ஒரு நாள் முழுவதும் உறங்கிவிடுகிறது. நம் நாட்டில் இதை நினைத்துப் பார்ப்பதே கடினம். தீபாவளியன்றும் எல்ஆர்டி ஓடுகிறது, நோன்புப் பெருநாளன்றும் கொமுட்டர் ஓடுகிறது.

கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டனுக்குப் போகிறவர்கள் விளக்குகளைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். நானும் அவற்றைப் பார்த்தேன், ரசித்தேன். ஆனால் அந்த நகரத்தைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது எதுவுமே ஓடாத அந்த ஒரு நாள்தான்.

இங்கிலாந்தின் வடபகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு பொறியியல் படிக்கிறேன். சொந்த ஊர் கிள்ளான். டிசம்பர் விடுமுறை மூன்று வாரம். அந்த நேரத்தில் கோலாலம்பூருக்கு விமான டிக்கெட் விலை எங்கள் வீட்டுக்கு எட்டாதது. விடுதியில் என் மாடியில் இருந்த எட்டுப் பேரில் ஏழு பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். பொதுச் சமையலறையில் என் ஒரு தட்டும் ஒரு கோப்பையும் மட்டும் கிடந்தன. லண்டனில் தாதியாக வேலை செய்யும் என் பெரியம்மா மகள் தொலைபேசியில் அழைத்து, “தனியா என்ன பண்ணப் போற? பெட்டியைக் கட்டிக்கிட்டு இங்க வா” என்றார். பத்து நாள் தங்குவதாகக் கிளம்பினேன்.

அக்காவின் வீடு கிழக்கு லண்டனில், ஈஸ்ட் ஹேமில் இருக்கிறது. தமிழ்க் கடைகள் நிறைந்த பகுதி அது. முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கடை வாசலிலேயே கிடைக்கும். பக்கத்து வட்டாரத்தில் முருகன் கோயிலும் உண்டு. குளிரை மட்டும் மறந்துவிட்டால் கிள்ளான் லிட்டல் இந்தியாவில் நடப்பதுபோல் இருக்கும்.

பிற்பகல் நான்கு மணிக்கே இரவு

டிசம்பர் மாதத்து லண்டனில் முதலில் நம்மைத் திகைக்க வைப்பது பனி அல்ல, இருட்டு. நான் இருந்த பத்து நாளில் பனி விழவே இல்லை. மழைத் தூறலும் காற்றும்தான். ஆனால் சூரியன் காலை 8 மணியளவில்தான் எழுகிறது. பிற்பகல் 4 மணிக்குள் மறைந்துவிடுகிறது. பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை.

கிள்ளான் நிலநடுக்கோட்டிலிருந்து 3 பாகை தூரத்தில்தான் உள்ளது. அதனால் ஆண்டு முழுவதும் நமக்குப் பகலும் இரவும் ஏறக்குறையச் சமம். லண்டனோ 51 பாகைக்கு மேல் வடக்கே இருக்கிறது. பூமி சாய்ந்து சுழல்வதால் டிசம்பரில் அந்தப் பகுதிக்குச் சூரிய ஒளி குறைவாகவே கிடைக்கிறது. ஐந்தாம் படிவப் புவியியலில் படித்ததுதான். ஆனால் மதியச் சாப்பாடு செரிப்பதற்குள் தெருவிளக்கு எரிவதைப் பார்க்கும்போது அது வேறு விதமாகப் புரிகிறது. விளக்குகளை ஏன் இந்த மக்கள் இவ்வளவு நேசிக்கிறார்கள் என்பதும் அப்போதுதான் விளங்குகிறது.

ரீஜன்ட் வீதியில் முதன்முதலாகக் கிறிஸ்துமஸ் விளக்குகள் ஏற்றப்பட்டது 1954இல். பக்கத்து ஆக்ஸ்ஃபோர்டு வீதியில் 1959இல். போருக்குப் பிந்தைய சிக்கன நாள்களில் மங்கிக் கிடந்த நகர மையத்துக்கு ஆள்களை இழுக்க அந்த வீதியின் கடைக்காரர்கள் தொடங்கியது அது. எனவே விளக்குக்குப் பின்னால் வியாபாரம் இருக்கிறது என்று குறை சொல்லத் தேவையில்லை. தொடக்கமே வியாபாரம்தான். நம் ஊர் பேரங்காடிகளில் நவம்பரிலேயே எழும்பும் பிளாஸ்டிக் மரங்களுக்கும் அதே காரணம்தான்.

நன்றியாக வரும் மரம்

டிரஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் மரத்தின் கதை வேறு. 1947 முதல் ஒவ்வோர் ஆண்டும் நார்வே நாட்டின் ஓஸ்லோ நகரம் அதை லண்டன் மக்களுக்கு அன்பளிப்பாக அனுப்பி வருகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி நார்வேயைக் கைப்பற்றியபோது அந்நாட்டு மன்னர் ஏழாம் ஹாக்கோனும் அவருடைய அரசாங்கமும் லண்டனில்தான் தஞ்சம் புகுந்தனர். அந்த உதவிக்கான நன்றி இந்த மரம்.

20 மீட்டருக்கு மேல் உயரம். நம் விளக்கு அலங்காரம்போல் சுற்றிச் சுற்றிக் கட்டாமல், மேலிருந்து கீழாக நேர்க்கோடுகளாக விளக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். அது நார்வே வழக்கமாம். முதல் பார்வையில் கொஞ்சம் எளிமையாகத்தான் தெரிந்தது. மரத்தடியில் ஒரு குழு நின்று பாடி, அறநிதி திரட்டிக்கொண்டிருந்தது. கடைவீதியின் நெரிசலில் இருந்து வந்த எனக்கு அந்த இடத்தில் அரை மணி நேரம் நிற்கத் தோன்றியது.

நாம் இன்று அறிந்த கிறிஸ்துமஸின் பல வழக்கங்கள் நாம் நினைப்பதுபோல் அவ்வளவு பழையவை அல்ல. முதல் வணிகக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை லண்டனில் 1843இல் அச்சானது. அதை வரையச் சொன்னவர் ஹென்றி கோல். பின்னாளில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகமாக வளர்ந்த நிறுவனத்தின் முதல் இயக்குநர் அவர். சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘கிறிஸ்துமஸ் கேரல்’ கதை வெளிவந்ததும் அதே 1843 டிசம்பரில்தான். விக்டோரியா அரசியின் குடும்பம் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848இல் ஒரு வார இதழில் வந்த பிறகு, வீட்டில் மரம் வைக்கும் பழக்கம் இங்கிலாந்தில் வேகமாகப் பரவியது. ஒரு நகரமும் அதன் அச்சகங்களும் கடைகளும் சேர்ந்து ஒரு பண்டிகையின் முகத்தையே மாற்றியிருக்கின்றன.

மாணவர் பையில் லண்டன்

“லண்டனில் பத்து நாளா? பணம் தண்ணியாப் போயிருக்குமே” என்று நண்பர்கள் கேட்டார்கள். அப்படியில்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகம், தேசிய ஓவியக் கூடம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஆகியவற்றின் நிரந்தரக் காட்சிகளைப் பார்க்கக் கட்டணமே இல்லை. டிசம்பர் 24 முதல் 26 வரை மூடியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

சுரங்க ரயிலைவிடப் பேருந்து மலிவு. நான் போனபோது ஒன்றே முக்கால் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 10 ரிங்கிட் கொடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து வேண்டுமானாலும் மாற முடிந்தது. ஈஸ்ட் ஹேமிலிருந்து 115ஆம் எண்ணில் ஆல்ட்கேட் போய், அங்கே 15ஆம் எண்ணில் ஏறினால் செயின்ட் பால்ஸ் பேராலயத்தைக் கடந்து டிரஃபால்கர் சதுக்கம் வந்துவிடும். மாடிப் பேருந்தின் மேல்தளத்தில் முன் இருக்கை கிடைத்தால் தனியாகச் சுற்றுலாப் பேருந்து எதற்கு?

அட்டவணையில் அக்காவின் பெயர்

கிறிஸ்துமஸ் அன்று அக்காவும் நானும் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிட்டு, படம் பார்த்துக் கழிக்கலாம் என்றுதான் நினைத்திருந்தேன். நான் வந்து இரண்டாம் நாள், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த பணி அட்டவணையைப் பார்த்தேன். டிசம்பர் 25க்கு நேரே அக்காவின் பெயர். காலை ஏழரை முதல் இரவு எட்டு வரை.

“தங்கச்சி வந்திருக்கான்னு சொல்லி லீவு கேட்டிருக்கலாமே?” என்றேன்.

“தீபாவளிக்கு எனக்காக ஒருத்தங்க நின்னாங்க. அவங்களுக்கு மூணு வயசுல பிள்ளை இருக்கு. கிறிஸ்துமஸுக்கு நான் நிக்கிறேன். இதுல கேட்க என்ன இருக்கு?” என்றார் அக்கா. அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.

எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. வீட்டை விட்டு வந்து முதல் முறையாக ஒரு பண்டிகை நாளில் உறவினர் ஒருவர் பக்கத்தில் இருக்கிறார் என்ற நிம்மதியில் வந்தவள் நான். அன்றைக்கும் தனியாகத்தான் இருக்கப் போகிறேன் என்பது சங்கடப்படுத்தியது.

பேருந்து இல்லாததால் அக்கா நடந்துதான் போக வேண்டும். நாற்பது நிமிட நடை. 25ஆம் தேதி காலை ஆறரை மணிக்கு நானும் கூடக் கிளம்பினேன். கும்மிருட்டு. பார்கிங் சாலையில் வண்டிகளே இல்லை. போக்குவரத்து விளக்குகள் யாருக்காகவும் இல்லாமல் சிவப்பும் பச்சையுமாக மாறிக்கொண்டிருந்தன. வழியில் பார்த்த ஆள்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தடித்த குளிராடைக்கு அடியில் சீருடை தெரிய எங்களைப்போலவே நடந்துகொண்டிருந்த இருவர், மிதிவண்டியில் போன ஒருவர், பாதுகாவலர் சட்டை போட்ட ஒருவர். எதிரில் வந்தவர்கள் எல்லாரும் வாழ்த்துச் சொன்னார்கள். சாதாரண நாளில் லண்டனில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

மருத்துவமனை வாசலில் அக்கா சொன்னார்: “இன்னைக்கு வார்டுல இருக்கிறவங்க எல்லாம் வீட்டுக்கு அனுப்ப முடியாதவங்க. முடிஞ்சவங்களை எல்லாம் நேத்தே அனுப்பிட்டோம். அதனால இன்னைக்குத்தான் ஆள் கண்டிப்பா வேணும்.”

திரும்பி வரும்போது மெல்ல விடிந்தது. பெரிய கடைகள் எல்லாம் பூட்டியிருந்தன. இங்கிலாந்தில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி 280 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கடைகள் கிறிஸ்துமஸ் அன்று திறக்கக்கூடாது. அங்கு வேலை செய்பவர்களுக்கும் அந்த ஒரு நாள் கிடைக்கட்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. சிறு கடைகளுக்கு அந்தத் தடை இல்லை. எங்கள் தெருமுனைத் தமிழ்க் கடை திறந்திருந்தது. பால் வாங்க வந்த வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர் கடைக்காரரிடம் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார்.

நமக்குப் பழக்கமான கணக்கு

அன்று மதியம் அம்மாவிடம் பேசியபோது நடந்ததைச் சொன்னேன். அம்மாவுக்கு இதில் புதுமை ஏதும் தெரியவில்லை. “நாங்களும் அப்படித்தானே?” என்றார்.

உண்மைதான். அம்மா ஷா ஆலமில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபது ஆண்டுக்கு மேல் வேலை செய்கிறார். இயந்திரங்கள் 24 மணி நேரமும் ஓடும் இடம். நோன்புப் பெருநாள் வாரத்தில் மலாய்த் தோழிகளின் ஷிஃப்டை அம்மாவும் சீனத் தோழிகளும் எடுத்துக்கொள்வார்கள். சீனப் புத்தாண்டுக்கு மற்ற இரு தரப்பும் நிற்கும். தீபாவளிக்கு அம்மா வீட்டில் இருப்பார். பெருநாள் முடிந்ததும் எங்கள் வீட்டுக்குக் கெத்துப்பாட்டும் ரெண்டாங்கும் வரும். தீபாவளி முடிந்ததும் முறுக்கு டின்கள் போகும். யாரும் இதை நல்லிணக்கம் என்று பெயர் சொல்லி அழைத்ததில்லை. அட்டவணையில் பெயரை மாற்றி எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

1960களிலும் 70களிலும் மலேசியாவிலிருந்து ஏராளமான இளம் பெண்கள் தாதிப் பயிற்சிக்காக இங்கிலாந்து மருத்துவமனைகளுக்குப் போனார்கள். அவர்களும் எத்தனையோ கிறிஸ்துமஸ் இரவுகளில் வார்டுகளில் விழித்திருந்திருப்பார்கள். அக்கா நடந்த வழி புதிய வழி இல்லை.

டிசம்பர் 26ஐ அங்கே ‘பாக்சிங் டே’ என்கிறார்கள். இன்று அது மலிவு விற்பனை நாளாகிவிட்டது. கிறிஸ்துமஸ் அன்றும் எசமானர் வீட்டில் உழைத்த பணியாளர்களுக்கும் சிறு தொழிலாளர்களுக்கும் மறுநாள் பெட்டியில் அன்பளிப்பு கொடுத்த வழக்கத்திலிருந்து அந்தப் பெயர் வந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். பண்டிகை நடக்க யாரோ வேலை செய்தாக வேண்டும் என்பதை ஒரு காலத்தில் நாள்காட்டியே ஒத்துக்கொண்டிருக்கிறது.

அன்றிரவு எட்டரை மணிக்கு மேல் அக்கா வந்தார். வார்டில் கொடுத்த காகிதக் கிரீடம் பையில் கசங்கி இருந்தது. நான் சோறும் நெத்திலிச் சம்பலும் செய்து வைத்திருந்தேன். பேசக்கூடத் தெம்பில்லாமல் இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டார்.

நம் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களில் பலர் பேரங்காடிகளிலும் உணவகங்களிலும் பகுதி நேர வேலை செய்கிறார்கள். டிசம்பர் மாத அட்டவணை வரும்போது 25ஆம் தேதிக்கு நேரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அவர் கிறிஸ்தவ நண்பராக இருந்தால், “அன்னிக்கு நான் நிக்கட்டுமா?” என்று நீங்களே போய்க் கேளுங்கள். அடுத்த தீபாவளிக்கு அவர் உங்களுக்காக நிற்பார். நிற்காவிட்டாலும் பரவாயில்லை. அந்த ஆண்டு ஒரு வீட்டில் எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டிருப்பார்கள்.